இதை எழுதினது யாரு?

ஒரு ஏக்கர் வயல்காரரைப் பார்த்து, "உங்களுக்கு நாற்பது சென்ட்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டோம். 2024 மே மாதம். கார் சாகுபடிக்கு விதைநெல்லும் உரமும் வாங்க உறுப்பினர்கள் வரிசையில் நின்ற நேரம். அவர் சேரன்மகாதேவிப் பக்கத்து ஊர்க்காரர். பில் போடுகிற பெண் கணினியில் பார்த்துவிட்டு, நாற்பது சென்ட்டுக்கு உண்டானதை மட்டும் போட்டாள். அவர் ஒன்றும் பேசாமல் மஞ்சள் பையிலிருந்து பட்டாவை எடுத்து மேசைமேல் விரித்தார்.

பரப்பு என்ற கட்டத்தில் 0 - 40.50 என்று இருந்தது. அது ஹெக்டேர், ஏர் கணக்கு. நாற்பதரை ஏர் என்றால் நூறு சென்ட், அதாவது ஒரு ஏக்கர். எங்களில் யாரோ அந்த நாற்பதைச் சென்ட் என்று நினைத்து ஏற்றியிருக்கிறோம்.

"எங்கப்பா காலத்துலருந்து ஒரு ஏக்கரு. அறுபது சென்ட்ட முழுங்கிட்டியளே" என்றார். கோபம் இல்லை அந்தக் குரலில். பயம்தான் இருந்தது. கணினியில் குறைந்தது வேறு எங்கேயாவது குறைந்துவிடுமோ என்ற பயம். அதுதான் என்னைத் தைத்தது.

நான் வேலை பார்ப்பது தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கிற ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். நெல்லும் வாழையும்தான் பிரதானம். ஆயிரத்துச் சொச்சம் உறுப்பினர்கள். அதற்கு முன்னால் சென்னையில் பதினோரு வருஷம் தரவு சம்பந்தமான வேலையில் இருந்தேன். டேட்டா கவர்னன்ஸ் என்று மாதாமாதம் கூட்டம் போடுவோம். தமிழில் தரவு ஆளுகை என்கிறார்கள். எந்தத் தகவல் யார் பொறுப்பு, யார் மாற்றலாம், யார் பார்க்கலாம், ஒரு சொல்லுக்கு நம் நிறுவனத்தில் என்ன பொருள், எப்போது சரிபார்ப்பது, எப்போது அழிப்பது என்பதற்கெல்லாம் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்வது. அவ்வளவுதான் அதன் சாரம். அங்கே நூற்றுக்கணக்கான பக்கம் எழுதினேன். ஆனால் அது எதற்காக என்று எனக்குப் புரிந்தது, அந்த மஞ்சள் பைக்காரர் மேசைக்கு எதிரே நின்றபோதுதான்.

அன்றைக்கு அலுவலகத்தில் எங்கள் இயக்குநர்களில் ஒருவரும் இருந்தார். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் திரையைப் பார்த்தார், பட்டாவைப் பார்த்தார், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, இதை எழுதினது யாரு?"

தேடினேன். தெரியவில்லை. கோப்பு ஐந்து பேர் கை மாறியிருந்தது. கடைசியாகச் சேமித்தவர் பெயர் மட்டும் இருந்தது. அவர் எழுத்துருவின் அளவை மாற்றியவர்.

"எழுதினவனும் தெரியாது, தேதியும் தெரியாதுன்னா அது கணக்கு இல்லம்மா, வெறும் தாளு" என்றார்.

இதற்கு மூலம் எங்கே என்று பின்னோக்கிப் போனால், 2023 டிசம்பர் 17, 18-இல் போய் நின்றது. அந்த இரண்டு நாள் இங்கே யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருநெல்வேலியில் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, ஜங்ஷன் என்று தாமிரபரணி ஊருக்குள் வந்தது. எங்கள் அலுவலகம் கீழ்த்தளம். இடுப்பளவு தண்ணீர். கணினி போயிற்று. நகல் எடுத்து வைத்த வன்தட்டு? அதுவும் இருந்தது. கணினிக்குக் கீழே, அதே மேசையின் இழுப்பறையில்.

இரண்டு பிரதி வைத்திருந்தோம், இரண்டையும் ஒரே வெள்ளம் கொண்டுபோகிற இடத்தில் வைத்திருந்தோம். அதற்கு யாரும் பொறுப்பில்லை, ஏனென்றால் யாரையும் பொறுப்பாக வைத்திருக்கவில்லை. ஜனவரியில் பட்டியலை மறுபடி உருவாக்கினோம். வாட்ஸ்அப்பில் யார் யாருக்கோ எப்போதோ அனுப்பிய எக்செல் கோப்புகள், பட்டா ஜெராக்ஸ்கள், பழைய பில் புத்தகங்கள். ஐந்து பேர் பத்து நாள் உட்கார்ந்து தட்டினோம். நிவாரண வேலை ஒரு பக்கம், பயிர்ச்சேதக் கணக்கு ஒரு பக்கம். அந்த அவசரத்தில்தான் ஹெக்டேர் சென்ட்டானது.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, "யு.டி.ஆர்-லயும் இப்படித்தான்" என்றார்.

கிராமத்தில் நிலம் வைத்திருக்கிற வீடுகளில் யு.டி.ஆர். என்ற மூன்று எழுத்து தெரியாதவர்கள் குறைவு. நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நடந்த திட்டம். பழைய பதிவேட்டில் செத்துப்போனவர்கள் பெயரே பட்டாதாரராக இருந்தது, கைமாறிய நிலம் மாறாமல் கிடந்தது. அதைச் சரி செய்யத்தான் வந்தது திட்டம். ஏக்கரிலிருந்து ஹெக்டேருக்கும் அளவு மாறியது. நல்ல நோக்கம், தேவையான வேலை. ஆனால் ஒரு மாநிலத்தின் மொத்த நிலக்கணக்கையும் ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி எழுதும்போது பிழை வராமல் இருக்குமா? அண்ணன் பெயர் இருந்து தம்பி பெயர் விடுபட்டது, சர்வே எண் பக்கத்து வயல்காரர் பெயருக்குப் போனது, பரப்பு கூடிக் குறைந்தது. அந்தப் பதிவுகள் பிறகு கணினிக்கு ஏறின, தமிழ்நிலம் மென்பொருளுக்கு வந்தன. இன்றைக்கு எங்கிருந்தும் எந்நேரமும் கைபேசியிலேயே பட்டா பார்க்கலாம். பிழையாக ஏறியது பிழையாகவே, வெகு வேகமாகத் தெரியும். யு.டி.ஆர். பிழையைத் திருத்தக் கேட்டு மாவட்ட வருவாய் அலுவலரிடம் இன்றும் மனுக்கள் போகின்றன. நாற்பது வருஷம் ஆகிவிட்டது.

தரவு வேலை செய்கிற இளைஞர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். புது மென்பொருளுக்கு மாறுகிறோம் என்று சொல்லும்போது உங்கள் நிறுவனம் ஒரு யு.டி.ஆர். நடத்தப்போகிறது. பழைய பதிவேட்டைத் தூக்கி எறியாதீர்கள். புதியதில் ஒவ்வொரு வரியும் பழையதன் எந்த வரியிலிருந்து வந்தது என்று ஒரு கட்டம் போட்டு வையுங்கள். அந்தக் கட்டம் இருந்திருந்தால், எங்கள் மஞ்சள் பைக்காரரின் சிக்கலை ஐந்து நிமிஷத்தில் தீர்த்திருப்பேன்.

அந்த ஜூன் மாதம் அண்ணாச்சி என்னைத் தாலுகா ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜமாபந்தி. அரசு மொழியில் வருவாய்த் தீர்வாயம்.

நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான், ஜமாபந்தி என்ற சொல்லும் சின்ன வயதிலிருந்து காதில் விழுந்ததுதான். மனு கொடுக்கிற நாள் என்று மட்டும் நினைத்திருந்தேன். அது வருஷத்துக்கொரு முறை நடக்கிற தணிக்கை. பசலி வருஷம் ஜூலை 1-இல் பிறந்து ஜூன் 30-இல் முடியும். அது முடிவதற்குள், மே, ஜூன் மாதங்களில், ஒவ்வொரு கிராமத்தின் கணக்கும் மேலதிகாரியின் முன்னால் வந்தாக வேண்டும். ஒவ்வொரு குறுவட்டத்துக்கும் ஒரு நாள். கிராம நிர்வாக அலுவலர்கள் தங்கள் பதிவேடுகளைக் கட்டிக்கொண்டு வந்து வைக்கிறார்கள். அடங்கல், சிட்டா, அ-பதிவேடு என்று 24 வகைக் கணக்குகள். அதிகாரி புரட்டிப் பார்க்கிறார், கேட்கிறார், கையெழுத்துப் போடுகிறார். அதே இடத்தில் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். என் பெயர் தப்பாக இருக்கு என்று அங்கேயே மனு கொடுக்கலாம். முடிவில் குடிகள் மாநாடு என்று ஒன்று வைப்பார்கள். அந்தப் பெயரே எனக்குப் பிடித்துப்போனது.

இன்னொன்று பார்த்தேன். நில அளவைச் சங்கிலியை எடுத்து வைத்து அதையும் சரிபார்த்தார்கள். கணக்கைத் தணிக்கை செய்வது சரி, அளக்கிற கருவியையும் தணிக்கை செய்ய வேண்டும் என்று யாருக்கோ எப்போதோ தோன்றியிருக்கிறது. சங்கிலி இழுபட்டு நீண்டிருந்தால், அதை வைத்து அளந்த ஒவ்வொரு வயலும் கணக்கில் குறைந்து நிற்குமே! சென்னையில் இருந்த பதினோரு வருஷத்தில், தகவல் உள்ளே வருகிற படிவத்தை வருஷா வருஷம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வரும் வழியில் அண்ணாச்சி பழைய கதை சொன்னார். 1980 நவம்பர் 14-ஆம் தேதி ஒரே அவசரச் சட்டத்தில் பரம்பரையாகக் கைமாறி வந்த கர்ணம், முன்சீப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1982-இல் அதை உறுதி செய்தது. அந்த இடத்தில் வந்தவர்கள்தான் இன்றைய கிராம நிர்வாக அலுவலர்கள். ஒழித்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஊரின் நிலக்கணக்கு ஒரு குடும்பத்தின் சொத்தாக இருக்கக் கூடாது. ஆனால் கர்ணம் என்கிற கணக்கப்பிள்ளையின் தலைக்குள் இருந்தது எல்லாம் காகிதத்தில் இருந்ததில்லை. எந்த வரப்பு எந்தப் பாகப்பிரிவினையில் நகர்ந்தது, எந்தப் பெயர் எந்தப் பெயருக்கு மறுபெயர் என்பதெல்லாம் மனிதரோடு போயிற்று. புதிதாக வந்தவர்கள் அதை வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார்கள் என்றார் அண்ணாச்சி.

நம் அலுவலகங்களிலும் ஒரு கணக்கப்பிள்ளை இருப்பார். "அதை அவர்கிட்ட கேளுங்க, அவருக்குத்தான் தெரியும்." அப்படி ஒருவர் இருந்தால் அவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் லீவில் போவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் எழுத உட்கார்ந்தோம். முதலில் சொற்கள்.

பிசானம் என்றால் என்ன என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐப்பசி வாக்கில் தொடங்கி மாசி, பங்குனியில் அறுப்பது. ஆனால் "2023 பிசானம்" என்றால்? 2023-இல் நட்டதா, 2023-இல் அறுத்ததா? எங்கள் கொள்முதல் பிரிவு அறுத்த வருஷத்தை எழுதியது. விதை விற்கும் பிரிவு நட்ட வருஷத்தை எழுதியது. கணக்குப் பிரிவுக்கு ஏப்ரல் முதல் மார்ச். மூன்று பேரும் சரியாகவே எழுதினார்கள். கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷத்து நெல் இரண்டு வருஷத்தில் உட்கார்ந்திருந்தது. மானியத்துக்கு அறிக்கை கேட்டவர்களுக்கு நாங்கள் கொடுத்த எண்ணை நினைத்தால் இப்போதும் மனசு உறுத்துகிறது.

தீர்வு பசலியில் இருந்தது. ஜூலையில் தொடங்குவதால் பிசானம் நட்டதும் அறுத்ததும் ஒரே பசலிக்குள் விழும். பசலி 1433 பிசானம் என்றால் குழப்பமே இல்லை, வெள்ளத்தில் போன பிசானம் அது. கார் மட்டும் ஜூனில் நாற்று விட்டு ஜூலையில் தாண்டும், அதற்கு அறுவடை விழும் பசலியை எழுதுவது என்று ஒரு வரியில் முடிவு செய்தோம். அந்த ஒரு வரியை எழுத மூன்று கூட்டம் ஆயிற்று. அதை நான் வீண் என்று நினைக்கவில்லை.

அளவு அடுத்தது. பட்டா ஹெக்டேரில் பேசும், மக்கள் ஏக்கர் சென்ட்டில் பேசுவார்கள், வயதானவர்கள் இன்னும் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்பார்கள். மூன்றையும் எழுத இடம் கொடுத்தோம். பட்டாவில் இருக்கிறபடி ஒரு கட்டம், உறுப்பினர் சொன்னபடி ஒரு கட்டம், அலகு தனிக் கட்டம். ஒன்றையொன்று கணினி ஒத்துப் பார்க்கும், பொருந்தாவிட்டால் சிவப்புக் காட்டும், தானாக மாற்றாது. மாற்றுவது மனிதர் வேலை.

அலகைப் பற்றிப் பேசும்போது நம் ஊர் ஒரு விஷயத்தில் கொடுத்து வைத்தது. காலையில் பேப்பரைப் பிரித்தால் அணை நீர்மட்டம் இருக்கும். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று வரிசையாக, இத்தனை அடி, வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை. பாபநாசத்துக்கு 143 அடி, மணிமுத்தாறுக்கு 118, சேர்வலாறுக்கு 156 என்று கொள்ளளவு மட்டம் டீக்கடையில் நிற்கிற எல்லாருக்கும் மனப்பாடம். அதனால் "பாபநாசம் நூத்திப் பத்து" என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் உடனே நாற்று விடலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். ஒரே வடிவில், ஒவ்வொரு நாளும், எதற்கு எதிரே ஒப்பிடுவது என்பதும் தெரிந்த எண். எங்கள் உறுப்பினர் அறிக்கை அந்தத் தரத்துக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

மாவட்டம் என்ற கட்டம் சுலபமாக இருக்கும் என்று நினைத்தோம். இல்லை. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி 1986 அக்டோபரில் சிதம்பரனார் மாவட்டமாகப் பிரிந்தது, தென்காசி 2019 நவம்பர் 22-இல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு திருநெல்வேலி மாவட்டத்துக்குச் சொல்கிற 30,77,233 பேரில் இன்றைய தென்காசிக்காரர்களும் அடக்கம். அந்த எண்ணை இன்றைய மாவட்டத்தோடு ஒப்பிட்டு விளக்கப்படம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆற்றுக்கு மாவட்டம் கிடையாது. ஒரே பாசனத்தில் எங்களுக்கு மூன்று மாவட்டத்திலும் உறுப்பினர்கள். கடையத்துக்காரர் பழைய கோப்பில் திருநெல்வேலி, புதியதில் தென்காசி, இரண்டு ஆளாக நின்றார். மாவட்டத்தை நாங்கள் தட்டச்சு செய்வதையே விட்டுவிட்டோம். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் எல்.ஜி.டி. பட்டியலில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. அதைப் போட்டால் மாவட்டம் தானாக வரும். நாளை இன்னொரு மாவட்டம் பிரிந்தாலும் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

பெயர்களைப் பற்றி மட்டும் தனிப் பதிவு எழுத வேண்டும். நெல்லையில் எத்தனை காந்திமதி, எத்தனை நெல்லையப்பன், எத்தனை சுடலைமுத்து, எத்தனை இசக்கியம்மாள்! இசக்கியை ஆங்கிலத்தில் ஒரு வங்கி ஐ போட்டு எழுதும், இன்னொன்று ஈ போட்டு எழுதும். இனிஷியல் ஆதாரில் பின்னால் வரும், பட்டாவில் அப்பா பெயராக விரியும், ரேஷன் கார்டில் கணவர் பெயராக மாறும். இவற்றில் எது "சரியான" பெயர் என்று கேட்பதே தப்பு. நாங்கள் உறுப்பினர் எண்ணை ஆளாக வைத்துக்கொண்டு, எந்த ஆவணத்தில் எந்தப் பெயர் என்று கீழே அடுக்கினோம். அவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதற்கு ஒரு கட்டம். அதை அவரிடமே கேட்டு நிரப்புகிறோம்.

இதில் நாங்கள் செய்த பெரிய தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டா எண்ணைக் கட்டாயம் ஆக்கினோம். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. தரம் கூடும் என்று நினைத்தேன், நான்தான் சொன்னேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எழுபது பேருக்கு மேல் பட்டா எண் 123. இந்தப் பள்ளத்தாக்கில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்கள் பெயரில் ஏது பட்டா? புருஷன் பெயரில் நிலம், உழைப்பு முழுக்க அவளுடையது என்று எத்தனை பெண்கள்! படிவம் அவர்களைப் பார்த்து நீ விவசாயி இல்லை என்றது. வாசலில் நின்றவரைத் திருப்பி அனுப்ப மனசு வராத எங்கள் பையன் 123 போட்டான். நான் அவன்மேல் கோபப்படவில்லை. பொய்யை எழுத வைத்தது என் கட்டாயம். "நிலத்தோடு உங்களுக்கு என்ன உறவு" என்று முதலில் ஒரு கேள்வி வைத்தோம்: சொந்தம், குத்தகை, கூட்டுப் பட்டா, குடும்பத்தார் பெயரில். பிறகு 123 வரவில்லை.

கடவுச்சொல்லுக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரே கடவுச்சொல்லை ஆறு பேர் வைத்திருந்தோம். திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. நம்பிக்கையான ஆட்கள், என்ன ஆகிவிடும் என்று கேட்டார்கள். 2020-இல் பி.எம். கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் என்ன ஆனது என்று சொன்னேன். நிலமில்லாதவர்களும் விவசாயம் செய்யாதவர்களும் பல மாவட்டங்களில் விவசாயிகளாகப் பதிவாகியிருந்தார்கள். தகுதியற்றவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல், போன பணம் சுமார் 110 கோடி ரூபாய் என்று அரசே அப்போது சொன்னது. வேளாண் துறை அலுவலர்களுக்கு உரிய கடவுச்சொற்கள் ஒப்பந்தப் பணியாளர்கள், கணினி மையங்கள், இடைத்தரகர்கள் கைக்குப் போயிருந்தன. வேலைப்பளு தாங்காமல், உதவிக்காக என்று பகிர்ந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். பதிவேட்டைப் பொறுத்தவரை, அத்தனையும் அந்த அலுவலர் எழுதினது. அண்ணாச்சியின் கேள்விக்கு அங்கே பதில் இருந்தது, ஆனால் பொய்யான பதில். மறுநாளே ஆறு பேருக்கும் ஆறு பெயர் போட்டோம்.

திருத்துவதற்கும் ஒரு வழக்கம் வைத்தோம், அதுவும் கிராமக் கணக்கிலிருந்து எடுத்ததுதான். பதிவேட்டில் ஒரு எழுத்தின் மேல் இன்னொரு எழுத்தை எழுதக் கூடாது. பழையது படிக்கத் தெரிகிற மாதிரி ஒரு கோடு போட்டு, மேலே புதியதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும். எக்செல்லில் இதற்கு நேர்மாறாகப் பழகிவிட்டோம். தட்டினால் பழையது இருந்த சுவடே இருக்காது. இப்போது எங்கள் மென்பொருளில் எந்த வரியைத் தொட்டாலும் பழைய வரி கீழே கோடிட்டு நிற்கும், யார், எப்போது, எந்த ஆவணத்தைப் பார்த்து என்பதோடு. இந்த வசதி பல மென்பொருள்களில் ஏற்கெனவே உண்டு. யாரும் திறந்துவிடுவதில்லை, அவ்வளவுதான்.

கூட்டங்கள் சுமுகமாக நடந்தன என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு விதிக்கும் ஒருவர் முடியாது என்பார், அவருக்குப் பின்னால் இருவர் தலையாட்டுவார்கள். அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மானூருக்குப் போனேன். சங்கரன்கோவில் சாலையில், பக்கம்தான். அங்கே உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு கி.பி. 800-ஐ ஒட்டிய பாண்டியர் காலத்தது, மாறஞ்சடையனின் 35-ஆம் ஆட்சியாண்டு. சபையில் யார் உட்காரலாம், என்ன படித்திருக்க வேண்டும், எத்தனை பங்கு உடையவராக இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. வருகிற ஒவ்வொரு யோசனைக்கும் "அன்று, அன்று" என்று மறுத்துக்கொண்டே இருப்பவருக்கும் அவருக்குத் துணைபோகிறவருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு தண்டம் என்கிறது. அது நிலமுடைய பிராமணர்களின் சபை. உழுதவர்களுக்கு அதில் இடமில்லை, அந்தக் குறையை மறந்து அதைப் போற்ற எனக்கு மனமில்லை. ஆனால் முடிவு எடுக்கிற முறைக்கே ஒரு விதி வேண்டும், அந்த விதி நாலு பேர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் யோசித்திருக்கிறார்கள். நாங்கள் தண்டம் வைக்கவில்லை. மறுப்பவர் மாற்று வாசகத்தை எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று மட்டும் வைத்தோம். விதிகளை எழுதுகிற எங்கள் குழுவில் குத்தகைக்காரர்கள் இருவர், பெண்கள் மூவர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தனியுரிமை பற்றிச் சுருக்கமாக. தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில். பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் தண்டம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்தத் தொகையைச் சொல்லிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் கேட்க வேண்டும், அதைத் தமிழில் கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு, தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லவும் தேவை முடிந்தால் அழிக்கச் சொல்லவும் உரிமை உண்டு என்பதே எனக்கு முக்கியம். எங்கள் அலமாரியில் ஆதார் ஜெராக்ஸ் கட்டுக்கட்டாக இருந்தது. எதற்கு என்று கேட்டால், எல்லாரும் வாங்குகிறார்கள் என்பதற்கு மேல் பதில் இல்லை. தேவையில்லாததைக் கணக்கெடுத்து, குழு முன்னால் கிழித்து அழித்தோம். வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர் பட்டியலைப் போடுவதை நிறுத்த இன்னும் போராடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

2025 ஜூனில், பசலி 1434 முடிகிற வாரங்களில், எங்கள் ஜமாபந்தியை நடத்தினோம். பெயர் அண்ணாச்சி வைத்தது. ஊருக்கு ஒரு சாயங்காலம். கோயில் மண்டபம், பள்ளிக்கூடத் திண்ணை, ஓரிடத்தில் கால்வாய்க் கரை. உறுப்பினர் பெயர், நிலம், என்ன பயிர், எங்களிடம் என்ன வாங்கினார் என்பதை அவரவரை அழைத்துத் தனித்தனியாக வாசித்தோம். வங்கிக் கணக்கும் பாக்கியும் தாளில் எழுதி அவர் கையில் மட்டும் கொடுத்தோம். எடை போடுகிற தராசையும் எடுத்துப் போனோம், சங்கிலியைச் சரிபார்த்த மாதிரி. ஒரு தராசு பிழையாக இருந்தது. மேடையிலேயே சொல்லி ஓரம் வைத்தோம்.

இரண்டாவது ஊரில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். அவர் கணவர் பெயரில் உறுப்பினர் எண். கணவர் இறந்து எட்டு மாதம். மாற்றத்துக்கான தாள்களை மகன் கொண்டு வந்திருந்தான். நான் மடிக்கணினியில் எழுதத் தொடங்கினேன்.

"அவுக பேர அழிச்சிருவியளா?"

"இல்லம்மா. கோடு போடுவோம், அவங்க பேரு கீழ இருக்கும். மேல உங்க பேரு வரும்."

திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னார். காட்டினேன். வாசிக்கத் தெரியும் அவருக்கு, மெதுவாக வாசித்தார். கணவர் பெயர், அதன்மேல் கோடு, தேதி. மேலே அவர் பெயர். அவர் பெயரில் இசக்கிக்கு அடுத்து ஒரு எழுத்து விட்டிருந்தேன். சொன்னார், திருத்தினேன். பக்கத்தில் என் சுருக்கொப்பம் விழுந்தது.

"இது என்ன, ரெண்டு எழுத்து?"

"அது நான்ம்மா. இதை எழுதினது நான்னு."

சரி என்று தலையசைத்துவிட்டு, மகனிடம் தாள்களை வாங்கிப் பைக்குள் வைத்தார். அடுத்த பெயரை அண்ணாச்சி கூப்பிட்டார்.